காசு கொடுத்துக் குடித்த பிளேன்டீ

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். சத்தமில்லாத, சிக்னல் உள்ள ஒரு இடத்தில் அரை மணித்தியாலம் உட்கார வேண்டும்.

மாலைதீவு அரசாங்கத்தில் பொதுச் சுகாதார அதிகாரி வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். காலை பத்து மணிக்கு வீடியோவில் நேர்முகப் பரீட்சை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். வந்தாறுமூலையில் பட்டம் எடுத்து, வேலைக்காகக் காத்திருந்து, பிறகு பயிற்சி முடித்து, மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் பி.எச்.ஐ. ஆகச் சேர்ந்திருந்தேன். பி.எச்.ஐ. என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சாப்பாட்டுக் கடைக் குசினிகளுக்குள் அழைப்பில்லாமல் நுழைகிற விருந்தாளி.

வீட்டுக் கூரையில் பாதிக்குத்தான் ஓடு போட்டிருந்தோம். மற்றப் பாதியும் தங்கச்சியின் படிப்பும் மாலைதீவை நம்பி நின்றன. மாலைதீவுக்கு அது தெரியாது.

முதலில் வீட்டைத்தான் யோசித்தேன். செட்டிபாளையத்தில் எங்கள் வீடு அமைதியான வீடு, வருடத்தில் சடங்கு நாட்களைத் தவிர. அன்றைக்கு அம்மன் கோயில் சடங்கு. ஸ்பீக்கரை எங்கள் வீட்டு மாமரத்தில் கட்டியிருந்தார்கள். அனுமதி கொடுத்தது அம்மா.

"அம்மா, இண்டைக்குத்தான் இன்டர்வியூ எண்டு சொன்னன்தானே."

"அதுக்குத்தான் மனே கட்டச் சொன்னன். அம்மாளுக்கும் கேக்கட்டும், அந்த ஊர்க்காரருக்கும் கேக்கட்டும்."

அம்மா இன்னொரு உதவியும் செய்திருந்தார். மகன் இன்றைக்கு மாலைதீவோடு கதைக்கப் போகிறான் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கெல்லாம் நாலைந்து பேர் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாமி வெற்றிலைத் தட்டோடு வந்திருந்தார்.

"நாங்க வாயே திறக்க மாட்டம். ஒரு மூலையில இரிந்து பாத்திட்டுப் போறம்."

"இது படம் இல்ல மாமி."

"தெரியும் மனே. படமெண்டா எங்கட வீட்டு டிவிலயே பாப்பம்தானே."

அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். அங்கே இணையம் நன்றாக வேலை செய்யும். ஆனால் அரசாங்கத்தின் இணையத்தைப் பாவித்து அரசாங்கத்தை விட்டுப் போக இன்டர்வியூ கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் நாளே இதைக் கூட வேலை செய்யும் நண்பனிடம் சொல்லியிருந்தேன்.

"மச்சான்," என்றான் அவன், "நீ இப்பிடியே இரிந்தா மாலைதீவில இல்ல, இஞ்ச மாமாங்கத்திலயும் வேலை எடுக்க மாட்டாய்."

என் பகுதியில் வைஃபை உள்ள கடைகள் இருக்கின்றன. எல்லாம் நான் பரிசோதிக்கும் கடைகள். அங்கே நான் பச்சைத் தண்ணியும் குடிப்பதில்லை. அம்மா இதைப் பெருமை என்பார். உண்மையில் பயம். யாராவது பார்த்துவிட்டு 'பி.எச்.ஐ. ஓசியில் குடிக்கிறார்' என்று சொன்னால் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வராது.

ஆகவே நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் கரையோரப் பெரிய றோட்டில் புதிதாக ஒரு பேக்கரி. மேசை போட்டு, ஏசி போட்டு, 'வைஃபை இலவசம்' என்று பலகை வைத்திருந்தார்கள். அது வேறு பி.எச்.ஐ.யின் பகுதி. அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

நான் படித்தவன். பிழையாக யோசித்தாலும் தெளிவாக யோசிப்பேன்.

வெள்ளைச் சேட், டை, பொலிஷ் போட்ட சப்பாத்து, கையில் சான்றிதழ் ஃபைல். இந்தக் கோலத்தில் ஒருவன் காலை ஒன்பதரைக்குப் பேக்கரிக்குள் வந்து, உட்காராமல், நாலு சுவரையும் கூரையையும் சுற்றிப் பார்த்தால் கடைக்காரர் என்ன நினைப்பார் என்று நான் யோசிக்கவில்லை. நான் தேடியது வெளிச்சம் எங்கே நன்றாக விழுகிறது என்று.

கடைக்காரர் ஞானமுத்து அண்ணன். நல்ல தடித்த உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. காசு மேசைக்குப் பின்னால் வேத வசனக் கலண்டர்.

"வாங்க தம்பி, வாங்க. இஞ்சால இருங்க, காத்து நல்லா வரும்."

அப்போது குசினிக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் தெரிந்தது. என்னைப் பார்த்தது. மறைந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, ஒருக்கா உள்ள வாங்க. கெதியா."

ஞானமுத்து அண்ணன் சிரித்தபடி உள்ளே போனார். வெளியே வரும்போது சிரிப்பை உள்ளேயே விட்டுவிட்டு வந்தார்.

"சேர், என்ன குடிக்கிறீங்க?"

அரை நிமிடத்துக்கு முன்பு நான் தம்பி.

அந்த முகம் யோகன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. யோகன் முன்பு கொக்கட்டிச்சோலையில் ஒரு கடையில் சமையல் செய்தவர். அந்தக் கடையில் மாவு மூட்டைக்குள் ஒரு பூனை படுத்திருந்ததை நான் பார்த்து அறிக்கை எழுதினேன். கடை கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. யோகன் வேலை தேடி இங்கே வந்துவிட்டார். பூனையையும் கூட்டி வந்திருந்தார்.

"ஒரு பிளேன்டீ, ஒரு மீன் பணிஸ்," என்றேன். "எவ்வளவு அண்ணன்?"

"காசு என்னத்துக்கு சேர். நம்மட ஆக்களுக்குள்ள."

"இல்ல அண்ணன். காசு எடுத்தாத்தான் நான் இரிப்பன்."

அவர் முகம் வெளுத்துப்போனது.

"பில்லும்... வேணுமா சேர்?"

"தந்தா நல்லம்."

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். கடையில் உணவு மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் பி.எச்.ஐ., அதற்குக் காசு கொடுத்துத்தான் எடுப்பார். அதனால் எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பி.எச்.ஐ. சும்மா குடித்தால் சிநேகிதம். காசு கொடுத்தால் வழக்கு.

இந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். என் நேர்மையில் நானே மயங்கியிருந்ததால் நினைவுக்கு வரவில்லை.

பிளேன்டீயைக் குடித்தேன். மீன் வைத்துச் சுட்ட அந்தப் பணிஸைச் சாப்பிட நேரமில்லை. இலையான் மொய்க்கிறதே என்று அதைத் தாளில் கவனமாகச் சுற்றி, ஒரு பைக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு, மேசையில் தள்ளி வைத்தேன். உள்ளே யாரோ மூச்சை இழுத்த சத்தம் கேட்டது.

"அண்ணே, சாம்பிள் எடுத்திட்டாரு."

எனக்குக் கேட்டது. ஆனால் பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. காதில் இயர்ஃபோனைச் செருகினேன். ஃபோனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தேன். வெளிச்சம் என் முகத்தில் விழ வேண்டும் என்று கதிரையைத் திருப்பிப் போட்டேன். இப்போது என் முதுகுக்குப் பின்னால் முழுக் குசினியும் கண்ணாடி வழியே தெரிந்தது. கெமரா அதை நேராகப் பார்த்தது.

திரையில் இருவர் வந்தார்கள். ஒருவர் பணிப்பாளர் மேடம். மற்றவர் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி, பேனாவோடு. பின்னால் கொடி. ஆங்கிலத்தில் நடந்தது, தமிழில் சொல்கிறேன். ஆங்கிலத்தில் நான் பேசியது இதைவிட மோசம்.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் மேடம். சொன்னேன். சொல்லும்போது திரையின் ஓரத்தில் என் சின்னப் படத்தைக் கவனித்தேன். என் வலது காதுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தொப்பி போனது. இடது காதுக்குப் பின்னால் இன்னொன்று. தொப்பி கிடைக்காத ஒருவர் தலையில் சொப்பிங் பையைக் கட்டியிருந்தார்.

அடுத்த கேள்வியைக் கண்ணாடி அதிகாரி கேட்டார். உணவுக் கடைகளைச் சுகாதார விதிகளுக்கு இணங்க வைக்க உங்கள் அணுகுமுறை என்ன?

இதற்கான பதிலை நான் இரண்டு கிழமையாகப் பாடமாக்கியிருந்தேன். விழிப்புணர்வு. நம்பிக்கை. பொறுமை. "பயமுறுத்திச் செய்விக்கும் எதுவும் பலன் தராது என்பது என் அனுபவம்," என்று நிமிர்ந்து சொன்னேன்.

என் பின்னால் நாலு பேர் சேர்ந்து அடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சுவரைத் தேய்த்தார். ஒருவர் எண்ணெய்ச் சட்டியோடு பின்கதவால் ஓடினார். யோகன் பூனையைக் கழுத்தில் பிடித்து வெளியே கொண்டுபோனார். பூனை யன்னலால் உள்ளே வந்தது. யோகன் மறுபடி கொண்டுபோனார்.

எனக்கு வியர்த்தது. ஏசி வேலை செய்தது.

அந்த நேரம் ஞானமுத்து அண்ணன் மெல்ல வந்து என் பக்கத்தில் குனிந்தார். திரையைப் பார்த்தார். கொடியையும் பார்த்தார்.

"கொழும்பா சேர்?" என்று காதுக்குள் கேட்டார்.

"இல்ல அண்ணன். மாலைதீவு."

"மாலைதீவா?" அவர் அப்படியே நின்றார். "சர்வதேசம் பாக்குது பாக்குது எண்டு இவ்வளவு காலமும் சொன்னாங்க. கடைசில என்ட குசினியத்தானா பாக்குது?"

"அண்ணன், தயவு செஞ்சு கொஞ்சம் தள்ளுங்க."

அவர் தள்ளவில்லை. சேட்டை இழுத்துவிட்டார். கெமராவுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் பேசினார்.

"குட் மோர்னிங் மேடம். எவ்ரிதிங் கிளீன் மேடம். நோ கொக்ரோச். நோ ரெட். நோ கெட்."

பூனை அவருக்குப் பின்னால் மேசைக்கு மேல் ஏறி உட்கார்ந்து முகம் கழுவத் தொடங்கியது.

மேடம் பூனையை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதுதான் உங்கள் கள வேலையா? எங்களுக்குக் காட்டுவதற்காக நேரடியாக ஒரு பரிசோதனையை ஒழுங்கு செய்திருக்கிறீர்களா? நல்ல யோசனை."

கண்ணாடி அதிகாரி தலையாட்டி எதையோ எழுதினார்.

ஓம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் போதும். மற்றப் பாதிக் கூரைக்கும் ஓடு. தங்கச்சிக்குப் படிப்பு. நான் எதையும் கேட்கவில்லை, அவர்களாகவே பரிசு கட்டித் தந்தார்கள். வாயைத் திறந்தேன்.

"இல்லை மேடம். வைஃபைக்கு வந்தேன்."

எங்கள் வீட்டில் நான்தான் கெட்டிக்காரன்.

"பரிசோதனை இல்லையென்றால் இவர்கள் ஏன் ஓடுகிறார்கள்?" என்றார் கண்ணாடி அதிகாரி.

"நான் தேநீருக்குக் காசு கொடுத்தேன் சேர்."

அதை விளக்கச் சொன்னார்கள். விளக்கினேன். மாதிரி, காசு, பில், பணிஸ், தாள், முடிச்சு எல்லாம் வந்தது. பாதியில் அவர்கள் தங்கள் பக்கத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். வாய் அசைவதும் தோள் குலுங்குவதும் மட்டும் தெரிந்தது. மேடம் சால்வையால் கண்ணைத் துடைத்தார். சத்தம் திரும்பி வந்தபோது முகங்கள் மிகவும் கண்டிப்பாக இருந்தன.

"கடைசிக் கேள்வி," என்றார் கண்ணாடி அதிகாரி. "ஒரு சுகாதார அதிகாரியாகச் சொல்லுங்கள். அந்தப் பணிஸை நீங்கள் சாப்பிடுவீர்களா?"

நான் பணிஸ் பையைக் கையில் எடுத்தேன். குசினியில் தேய்ப்பது நின்றுவிட்டது. யோகன் பூனையைக் கையில் வைத்தபடி வாசலில் நின்றார்.

"என்ன சேர் கேக்குறாங்க?" என்றார் ஞானமுத்து அண்ணன்.

"இந்தப் பணிஸச் சாப்பிடுவீங்களா எண்டு."

"சொல்லுங்க சேர்." அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "நானும் பிள்ள குட்டிக்காரன். கடன்பட்டுத்தான் இந்தக் கடையப் போட்டன். கர்த்தருக்குப் பொதுவா உண்மையச் சொல்லுங்க. ஆனா கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

பாதிக் கூரையோடு இப்போது ஒரு முழுக் கடையும் என் தலையில். பையின் முடிச்சை அவிழ்த்தேன். பணிஸைப் பார்த்தேன். பூனையைப் பார்த்தேன்.

"இதைச் சாப்பிட மாட்டேன் சேர்," என்று திரைக்குச் சொன்னேன். "இது அவர்கள் தொப்பி போடுவதற்கு முன் செய்தது. இப்போது இருக்கும் குசினியில் இப்போது சுட்டு எடுத்துத் தந்தால் சாப்பிடுவேன்."

இதையே தமிழில் ஞானமுத்து அண்ணனுக்கும் சொன்னேன்.

அவர் குசினிப் பக்கம் திரும்பினார். பிறகு கத்தினார்.

"டேய் யோகன், பூனைய விடு. கைய சவுக்காரம் போட்டுக் கழுவு. போறணையில வேகுறதுல ஒண்டக் கொண்டா."

யோகன் கை கழுவினார். அப்படி ஒருவர் கை கழுவியதை நான் பயிற்சிக் காலத்துப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். முழங்கை வரை. இடுக்கியால் எடுத்து, புதுத் தட்டில் வைத்து, ஆவி பறக்க ஒரு பணிஸைக் கொண்டுவந்து வைத்தார். கடை முழுக்க என்னைப் பார்த்தது. மாலைதீவும் பார்த்தது.

கடித்தேன்.

உள்ளே இருந்த மீன் அடுப்பை விடச் சூடாக இருந்தது. மிளகாய்த் தூளை யோகன் பழைய கோபத்தில் போட்டிருக்க வேண்டும். விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியாது, ஞானமுத்து அண்ணன் கைகளைக் கோர்த்து நின்றார். கண்ணில் தண்ணீர் வழிய, கன்னம் ஒரு பக்கம் வீங்கி, வாயைப் பாதி திறந்து காற்றை இழுத்தேன்.

"எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்றார் மேடம்.

அப்போது படம் உறைந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். சொப்பிங் பை கட்டியவர் ஏணியில் நின்று, வைஃபைப் பெட்டியை ஈரத் துணியால் பொறுப்பாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தூசி சேர்," என்றார்.

மறுபடி இணைப்பு வரவில்லை. என் எதிர்கால அதிகாரிகளிடம் இருந்த என் கடைசி உருவம், வாயில் பணிஸோடு அழுகிற ஒருவனுடையது.

விஷயம் என்னவென்று ஞானமுத்து அண்ணனுக்கு அப்போதுதான் முழுதாகச் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இது பரிசோதனை இல்லயா?"

"இல்ல அண்ணன்."

"சாம்பிள்?"

"பசிச்சா மறுகா சாப்பிடலாம் எண்டு கட்டி வச்சன்."

"கடை திறந்த நாள்ல இரிந்து நகராத அடுப்பத் தூக்கிட்டம் தம்பி. இவனுக்கு நாரி பிடிச்சிட்டு, நிமிர ஏலாது."

நான் மறுபடி தம்பி ஆகிவிட்டேன். அது ஒன்றுதான் ஆறுதல்.

யோகன் உள்ளேயிருந்து எதையோ கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். "அண்ணே, அடுப்புக்குப் பின்னால கிடந்திச்சு. உங்கட கண்ணாடி. நான் களவெடுத்தன் எண்டு ஏசினீங்களே."

ஞானமுத்து அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் உருக்கமாகச் சொன்னார்.

"தம்பி, இந்த வேலை உங்களுக்குக் கிடைக்கணும். நான் இண்டைக்கே ஜெபம் பண்றன். நீங்க கெதியா போகணும்."

அவர் தனியாக ஜெபிக்கவில்லை. வாவியின் இரண்டு பக்கக் கடைக்காரர்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதாம், பி.எச்.ஐ. எந்தப் பக்கம் கிளம்பினார் என்று சொல்வதற்கு. அதில் போட்டுவிட்டார். அன்று பின்னேரத்துக்குள் எனக்காகக் கோயிலில் அர்ச்சனையும் பள்ளியில் துஆவும் நடந்ததாக நண்பன் சொன்னான். என் முன்னேற்றத்துக்காக மட்டக்களப்பில் இவ்வளவு பேர் வேண்டிக்கொண்டது அதுவே முதல் தடவை.

வீட்டுக்கு வந்தேன். மாமரத்து ஸ்பீக்கர் ஓய்ந்திருந்தது. கதிரைக்காரர்கள் போகவில்லை.

"எப்பிடி மனே?" என்றார் அம்மா.

"வாய் நிறையக் கதைச்சன் அம்மா."

வேண்டுதல் பலித்தது. ஒரு மாதம் கழித்துத் தெரிவாகிவிட்டேன் என்று தகவல் வந்தது. கிளம்பும்போது அம்மா மாசிச் சம்பல் கட்டித் தந்தார். மாசிக் கருவாடு எங்கள் ஊருக்கு வருவதே மாலைதீவிலிருந்துதான். வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று, ஏன் என்னை எடுத்தீர்கள் என்று பணிப்பாளர் மேடத்திடம் கேட்டேன். கேட்காமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அவர் என் நேர்மையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"எங்களிடம் ஆட்கள் குறைவு," என்றார். "நீங்கள் தேநீர் குடிக்கப் போனாலே ஒரு குசினி சுத்தமாகிறது."

என்னைப் போட்டிருப்பது ஒரு சின்னத் தீவு. என் அறையில் சிக்னல் எடுக்காது. வைஃபை உள்ள கடை ஒன்றுதான். போன கிழமை அம்மாவோடு வீடியோவில் கதைக்க அங்கே போய் உட்கார்ந்தேன். ஒரு தேநீர் சொன்னேன். பழக்கதோஷத்தில் முதலே காசைக் கொடுத்தேன். கடைக்காரர் காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிப்போடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே அடுப்பை நகர்த்தும் சத்தம் கேட்டது.

இப்போது அம்மாவோடு கடற்கரையில் நின்றுதான் கதைக்கிறேன். காற்றில் அவர் சொல்வது ஒன்றும் கேட்பதில்லை, ஆனால் யாரும் அடுப்பைத் தூக்குவதில்லை.